ஆறு பேர் குழுவில் ஒரே ஒரு பெண்: ப்ராஜெக்ட் பொறுப்பைப் புதிதாக ஏற்கும் ஆசிரியருக்கு

பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. துறைத்தலைவர் கூப்பிட்டு, "இந்த வருடம் ப்ராஜெக்ட் ஒருங்கிணைப்பும் தொழில்முனைவோர் மன்றமும் உங்கள் பொறுப்பு" என்று ஒரு தடித்த கோப்பை நீட்டுவார். இளையவர் தலையில் விழுகிற வேலை அது. என் தலையிலும் அப்படித்தான் விழுந்தது. கோப்புக்குள் பழைய சுற்றறிக்கைகளும் கையெழுத்துக்குக் காத்திருக்கும் படிவங்களும் இருக்கும். குழுவேலையில் யாருக்கும் சளைக்காத மாணவிகள், "உங்களில் யார் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டவுடன் ஏன் மேசையைப் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு தாள்கூட இருக்காது. அந்தத் தாளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாணவிகள் கல்லூரிக்கு வருவதில் நம் மாநிலத்தில் குறையில்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 47.3 சதவீதம், ஆண்களுக்கு 46.8 சதவீதம். சிக்கல் உள்ளே வந்த பிறகுதான் தொடங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள, தன்னம்பிக்கை என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் முன்வைத்த கருத்து இதைவிடக் கூர்மையானது: ஒருவருக்கு இருப்பது பொதுவான நம்பிக்கை அல்ல, இந்த இந்த வேலையை என்னால் செய்ய முடியும் என்கிற தனித்தனி நம்பிக்கைகள். தன்திறன் நம்பிக்கை என்று அதைத் தமிழில் சொல்லலாம். அது வளர்வதற்கு நான்கு வழிகளை அவர் சொன்னார். தானே செய்து பார்ப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்து உடல் மன நிலை. நான்கில் வலுவானது முதலாவது.

இதை வைத்துப் பார்த்தால் என் வகுப்பறைப் புதிர் பாதி அவிழ்கிறது. பேசாமல் முறைத்துக்கொண்டிருக்கும் இருவரைச் சமாதானப்படுத்துவது, கெடு தேதிக்குள் வேலையை முடிக்க வைப்பது, அறிக்கையைச் செப்பனிடுவது ஆகியவற்றை மாணவிகள் ஒவ்வொரு பருவத்திலும் செய்கிறார்கள். அதனால் அவற்றில் நம்பிக்கை இருக்கிறது. விலை வைப்பது, கடன் கேட்பது, கருவியைப் பிரித்துப் பழுது பார்ப்பது, முன்பின் தெரியாதவரிடம் விற்பது போன்றவை அவர்கள் கைக்கு வருவதே இல்லை. வராத வேலையில் நம்பிக்கை எங்கிருந்து வரும்? இரண்டுக்கும் இடையிலான இடைவெளி பிறப்பிலோ வீட்டிலோ மட்டும் உண்டாவதில்லை. நம் கண்ணெதிரே, நாம் போட்டுக்கொடுத்த குழுக்களில், வாரா வாரம் உண்டாகிறது. அதனால் அதைத் திருத்துவதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

படி 1: குழு பிரிக்கும் முன் ஒரு பக்கக் கேள்வித்தாள்

பருவத்தின் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். "நான் தன்னம்பிக்கை உள்ளவர்: ஆம், இல்லை" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. வேலையைச் சொல்லிக் கேளுங்கள். வேலை செய்யாத நண்பனிடம் முகத்துக்கு நேரே சொல்ல என்னால் முடியும். மல்டிமீட்டரை வைத்துச் சர்க்யூட்டில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க என்னால் முடியும். ஒரு பொருளின் அடக்க விலையைக் கணக்குப்போட்டு விற்பனை விலை சொல்ல என்னால் முடியும். வங்கி மேலாளர் முன் உட்கார்ந்து கடனைப் பற்றிப் பேச என்னால் முடியும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை ஓர் எண். "செய்வேன்" என்று எழுதாமல் "முடியும்" என்றே எழுதுங்கள். முந்தையது எண்ணத்தைக் கேட்கிறது, பிந்தையது திறனைக் கேட்கிறது. பாண்டுராவும் இந்த வேறுபாட்டை வலியுறுத்தியிருக்கிறார்.

பெயர் வேண்டாம். பருவத்தின் இறுதியில் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு குறியீடு போதும். அறுபது பேர் வகுப்பில் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்துக்குப் பொருள் தேடாதீர்கள், அது காற்றில் ஆடும் இலை. மொத்தச் சராசரியைவிட எந்தக் கேள்வியில் இடைவெளி விழுகிறது என்பதைப் பாருங்கள். கிடைத்த முடிவை வகுப்பில் படித்துக் காட்டும் ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். "பெண்கள் இதில் பின்தங்கியிருக்கிறீர்கள்" என்று மேடையில் நின்று சொல்வதைப் போல அந்த எண்ணை உறுதிப்படுத்தும் காரியம் வேறில்லை.

இன்னோர் எச்சரிக்கை. அந்த எண் திறமையின் அளவு அல்ல. கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் என்ற இரு பொருளியலாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு 20 கேள்விகள் கொண்ட தேர்வு வைத்து, எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள் என்று 100-க்குத் தங்களையே மதிப்பிடச் சொன்னார்கள். பெண்கள் ஒன்றும் குறைவாக எடுத்திருக்கவில்லை. ஆனாலும் ஆண்கள் சராசரியாக 61 போட்டுக்கொண்டார்கள், பெண்கள் 46. வாங்கிய மதிப்பெண்ணையே கையில் கொடுத்த பிறகும் இடைவெளி மறையவில்லை. இங்கே பிழை யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். 46 போட்டவரை மட்டும் திருத்தக் கிளம்பிவிடுகிறோம், 61 போட்டவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

படி 2: குழு பிரிப்பது

மத்திய அரசு கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் (ஒரு சிக்கலுக்குக் குறித்த நேரத்துக்குள் தீர்வு உருவாக்கும்) போட்டியில் ஆறு பேர் குழு, அதில் குறைந்தது ஒரு பெண் கட்டாயம் என்று விதி இருக்கிறது. நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான். அது நம் கல்லூரிகளில் எப்படி நடைமுறையாகிறது என்பதைப் பதிவு முடிகிற நாளன்று மாலை நான்கு மணிக்குப் பார்க்க வேண்டும். ஐந்து பையன்கள் வராந்தாவில் ஓடி வந்து, "உன் பெயரைக் கொடு, நீ ஒன்றும் செய்ய வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு மாணவியிடம் கேட்பார்கள். அவளும் கொடுத்துவிடுவாள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது அன்பாகத்தான் சொல்லப்படுகிறது. அவள் பெயர் சான்றிதழில் வரும், கைக்கு எந்த வேலையும் வராது.

தனியாக ஒரே ஒரு பெண் இருப்பதன் விளைவை நிலஞ்சனா தாஸ்குப்தாவும் அவருடைய சகாக்களும் 2015-இல் பொறியியல் மாணவிகளிடமே சோதித்தார்கள். நான்கு பேர் குழுக்கள். சிலவற்றில் பெண்கள் முக்கால் பங்கு, சிலவற்றில் பாதி, சிலவற்றில் கால். பெண்கள் பெரும்பான்மையாக இருந்த குழுக்களில்தான் மாணவிகள் நிறையப் பேசினார்கள். பேச்சைப் பொறுத்தவரை பாதிக்குப் பாதிகூடப் போதவில்லை. முதலாமாண்டு மாணவிகளிடம், சிறுபான்மையாக இருந்த குழுக்களில் பதற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

ஆகவே உங்கள் வகுப்பில் இருபது மாணவிகள், நாற்பது மாணவர்கள் என்றால், குழுவுக்கு இரண்டு பெண்கள் என்று சாதம் பரிமாறுவதுபோல் சமமாகப் பிரிக்காதீர்கள். மூன்றோ நான்கோ மாணவிகள் இருக்கும்படி ஐந்தாறு குழுக்களை அமையுங்கள். மிச்சமுள்ளவை ஆண்கள் மட்டும் உள்ள குழுக்களாக இருக்கட்டும். எதிர்ப்பு வரும். முதல்முறை நான் இப்படிப் பிரித்த அன்று, ஆண்கள் மட்டும் இருந்த ஒரு குழுவின் தலைவன் ஓய்வறை வரை பின்னாலேயே வந்து, "அப்படியென்றால் எங்களுக்கு ரிப்போர்ட் யார் சார் எழுதித் தருவது?" என்று உண்மையான கவலையோடு கேட்டான். அவன் கெட்ட பையன் அல்ல. மூன்று வருடமாகக் கல்லூரி அவனுக்குக் கற்றுக்கொடுத்ததை அவன் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான்.

போட்டிகளுக்கு ஆள் சேர்க்கும்போது இன்னொரு சிறிய தந்திரம் உண்டு. முரியல் நீடர்லே, லிஸ் வெஸ்டர்லண்ட் இருவரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில் ஐந்து இரட்டை இலக்க எண்களைக் கூட்டும் வேலை கொடுத்தார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே அளவுக்கே செய்தார்கள். அடுத்த சுற்றில் போட்டிமுறையில் பரிசு வேண்டுமா, விடைக்கு இவ்வளவு என்று கூலி வேண்டுமா எனக் கேட்டபோது, ஆண்களில் 73 சதவீதம் பேர் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் 35 சதவீதம். பின்னர் 2011-இல் ஆண்ட்ரூ ஹீலி, ஜெனிபர் பேட் ஆகியோர் தனியாளுக்குப் பதில் இருவர் அணியாகப் போட்டியிட வைத்தபோது, அந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது. எனவே தொழில்யோசனைப் போட்டிக்கு "விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, "இருவராக வந்து பெயர் கொடுங்கள்" என்று ஒட்டுங்கள். குழுத்தலைவர் ஒருவர் என்பதற்குப் பதில் இணைத்தலைவர்கள் இருவர். செலவு எதுவும் இல்லை.

படி 3: யார் எந்த வேலையைச் செய்வது

ஒரு படிக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்கே கொடுங்கள்.

ஓர் ஆய்வக மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினால் தானே நிறுத்திவிடும் சின்னக் கருவி ஒன்றை நான்காமாண்டுக் குழு செய்துகொண்டிருக்கிறது. ஒருவன் கையில் சால்டரிங் இரும்பு. இன்னொருவன் பலகையைப் பிடித்திருக்கிறான். மூன்றாமவன் மடிக்கணினியில் நிரல் எழுதுகிறான். மாணவி ஒருத்தி ரெக்கார்ட் நோட்டைத் திறந்துவைத்து, அவன் சொல்லச் சொல்ல மின்னழுத்த அளவுகளை எழுதுகிறாள். கையெழுத்து அச்சுபோல் இருக்கிறது. இரும்பை வாங்கி ஓர் இணைப்பை அவள் ஒட்டப் பார்க்கிறாள். ஈயம் உருண்டு பக்கத்துப் புள்ளியில் ஒட்டிக்கொள்கிறது. "கொடு, நான் செய்கிறேன்" என்று கை நீள்கிறது. அவளும் கொடுத்துவிட்டு நோட்டுக்குத் திரும்புகிறாள். பத்து வினாடி. யாரும் யாரையும் புண்படுத்தவில்லை. இதே பத்து வினாடி நான்கு வருடத்தில் எத்தனை முறை வந்திருக்கும்!

"தெரிந்தவர் செய்யட்டும்" என்பது நேரத்தை மிச்சப்படுத்தும் விதிபோல் தோன்றும். உண்மையில் அது, முதல் வாரத்தில் யார் முந்திக்கொண்டாரோ அவரையே கடைசிவரை தெரிந்தவராக வைத்திருக்கும் விதி. விருப்பம் கேட்டு வேலை கொடுப்பதும் நடுநிலையான முறை அல்ல. லிண்டா பாப்காக்கும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட சோதனைகளில் மூன்று பேர் குழுவில் யாராவது ஒருவர் பலன் குறைந்த ஒரு காரியத்தைச் செய்தாக வேண்டும் என்று வைத்தார்கள். கலப்புக் குழுக்களில் பெண்கள் முன்வந்தது ஆண்களைவிட 48 சதவீதம் கூடுதல். பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று பிரித்தால் வித்தியாசமே இல்லை. அதாவது பெண்களுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது என்பது காரணமல்ல. அவள் செய்துவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதும், அந்த எதிர்பார்ப்பு அவளுக்கே தெரிந்திருப்பதும்தான் காரணம்.

நான் கையாளும் முறை எளிது. ஒரு தாளில் ஆறு கட்டம்: வன்பொருள், நிரல், செலவுக்கணக்கு, வெளியாட்களைச் சந்திப்பது, அறிக்கை, மேடையில் பேசுவது. முதல் ஒதுக்கீடு சீட்டுக் குலுக்கிப்போட்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கட்டம் நகர வேண்டும். பருவம் முடிவதற்குள் எல்லோருடைய பெயரும் எல்லாக் கட்டத்திலும் ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும். "கொடு, நான் செய்கிறேன்" என்ற வாக்கியத்துக்கு ஆய்வகத்தில் தடை. அருகில் நின்று வாயால் சொல்லலாம், கை நீளக்கூடாது. ரிவியூ அன்று வன்பொருளைப் பற்றிய கேள்வியை அந்த இரண்டு வாரம் அந்தக் கட்டத்தில் இருந்தவரிடம்தான் கேட்பேன். நன்றாகப் பேசுகிறவர் குறுக்கே வந்தால் உட்காரச் சொல்லிவிடுவேன்.

வேலை மெதுவாகும். முதல் மாதம் நிச்சயமாக மெதுவாகும், உங்கள் சக ஆசிரியர்களின் குழுக்கள் முன்னால் ஓடும். துறைத்தலைவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ரிவியூ முடிந்த பிறகு சொன்னால் சாக்குப்போல் இருக்கும்.

படி 4: கூட்டம்

வாரம் ஒருமுறை அரைமணி நேரம் போதும். ஆளுக்கு இரண்டு நிமிடம், வட்டமாக, இடைமறிக்காமல். அதன் பிறகுதான் விவாதம். யோசனையைப் பலகையில் எழுதும்போது சொன்னவர் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். மாணவி சொல்லி யாரும் கவனிக்காத யோசனை, பத்து நிமிடம் கழித்து வேறொருவர் வாயில் புதிதாகப் பிறப்பதை அந்தப் பெயர் தடுக்கும். இது வெறும் மரியாதைக்காக அல்ல. அனிதா வில்லியம்ஸ் வூலியும் சகாக்களும் 699 பேரைச் சிறு குழுக்களாக்கி நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், குழுவின் மொத்தத் திறன் உறுப்பினர்களின் தனிப்பட்ட அறிவுத்திறனோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. பேசும் வாய்ப்பு எவ்வளவு சமமாகப் பகிரப்பட்டது என்பதோடு அதைவிட நன்றாகப் பொருந்தியது.

படி 5: வளாகத்துக்கு வெளியே அனுப்புங்கள்

தொழில்முனைவு வாரம் என்று கொண்டாடி, வெற்றி பெற்ற பெரிய பெண்மணி ஒருவரை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி அனுப்புவது வழக்கம். பரவாயில்லை, செய்யுங்கள். ஆனால் டாஃபே டிராக்டர் நிறுவனத்தின் மல்லிகா சீனிவாசனைப் பற்றிக் காணொளி போட்டுக் காட்டினால், அரசுப் பள்ளியிலிருந்து வந்த மாணவி வியப்பாள், கைதட்டுவாள், பிறகு "அவர் தொழிற்குடும்பத்தில் பிறந்தவர்" என்று மனத்துக்குள் முடித்துக்கொள்வாள். பாண்டுரா சொன்ன இரண்டாவது வழி "தன்னைப் போன்ற" ஒருவரைப் பார்ப்பது. இரண்டு வருடம் மூத்த, இதே ஹாஸ்டல் சாப்பாட்டைச் சாப்பிட்ட, இன்னமும் கடன் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு பழைய மாணவியைக் கூப்பிடுங்கள். நஷ்டக்கணக்கோடு வரச் சொல்லுங்கள்.

அதைவிட நல்லது, மாணவியையே வெளியே அனுப்புவது. அந்த மோட்டார் குழுவில் "வெளியாட்களைச் சந்திப்பது" கட்டத்துக்கு வந்தவள், நோட்டு எழுதிக்கொண்டிருந்த அதே மாணவி. ஊருக்கு வெளியே காயில் கட்டும், அதாவது எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருளைத் திரும்பச் சுற்றித் தரும், கடைகள் இரண்டு இருந்தன. தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனாள், நான் வாசலோடு நின்றுகொண்டேன். கடைக்காரர் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, "சாரை உள்ளே வரச் சொல் அம்மிணி, அவரிடமே சொல்லிவிடுகிறேன்" என்றார். நான் வேண்டுமென்றே டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் அவள் கேட்டாள்: "கோடையில் வாரத்துக்கு எத்தனை மோட்டார் எரிந்து வருகிறது அண்ணா?" அவர் பதில் சொல்லாமல் மூலையைக் காட்டினார். கருகிய செம்புக்கம்பி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதன் பிறகு முக்கால் மணி நேரம் அவர்தான் பேசினார். ஒரு மோட்டாரைத் திரும்பக் கட்ட விவசாயி என்ன கொடுக்கிறார், அதில் அவருக்கு என்ன மிஞ்சுகிறது, உங்கள் கருவி வந்தால் என் பிழைப்பு என்னாவது என்பது வரை.

திரும்பி வரும் வழியிலேயே அவள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். கருவியின் விலை ஒருமுறை காயில் கட்டும் கூலியைத் தாண்டக்கூடாது. கடைக்காரரையே விற்பனையாளர் ஆக்கினால் அவர் பிழைப்பும் போகாது. இந்த இரண்டு முடிவுகளையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அனுப்பும்போது இருவராக அனுப்புங்கள், பகலில் அனுப்புங்கள், வார்டனுக்கும் வீட்டுக்கும் தகவல் போகட்டும். கட்டுப்பாடு பிடிக்கிறதோ இல்லையோ, அதை மதிக்காமல் ஒருமுறை சிக்கிக்கொண்டால் அடுத்த மூன்று வருடத்து மாணவிகளுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். இரவு முழுக்க நடக்கும் ஹேக்கத்தானுக்கும் இதே கதை. ஸ்மார்ட் இந்தியா மென்பொருள் இறுதிச்சுற்று 36 மணி நேரம் ஓடும். அதற்கான அனுமதிக் கடிதம், உடன் செல்லும் ஆசிரியை, தங்குமிடம் எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே முடித்துவையுங்கள். கடைசி நேரத்தில் வீட்டில் அனுமதி கிடைக்காமல் ஒரு மாணவி பின்வாங்கினால், நம் ஆட்கள் அதற்கு வைக்கும் பெயர் "ஆர்வமில்லை".

படி 6: நடுவர் முன்னால்

ஒத்திகையில் எல்லோரும் ஸ்லைடுகளைத் தேய்ப்பார்கள். கேள்வி பதிலுக்குத்தான் ஒத்திகை தேவை. டானா கான்ஸேயும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க்கின் புகழ்பெற்ற தொழில்தொடக்கப் போட்டி ஒன்றில் முதலீட்டாளர்கள் கேட்ட கேள்விகளை அலசியது. ஆண்களிடம் கேட்டவற்றில் 67 சதவீதம் "எவ்வளவு தூரம் வளர்வீர்கள்" என்ற வகை. பெண்களிடம் கேட்டவற்றில் 66 சதவீதம் "விழாமல் எப்படித் தாக்குப்பிடிப்பீர்கள்" என்ற வகை. தற்காப்புக் கேள்விக்குத் தற்காப்பாகவே பதில் சொன்னவர்களைவிட, வளர்ச்சியைப் பற்றிப் பதில் சொன்னவர்களுக்கு அதிக முதலீடு கிடைத்தது.

இதைப் பயிற்சியாக்கலாம். "பெரிய கம்பெனிக்காரன் இதே கருவியைப் போட்டால் என்ன செய்வீர்கள்?" என்று நடுவராக உட்கார்ந்து கேளுங்கள். "எங்கள் தரம் நன்றாக இருக்கும் சார், காப்புரிமைக்கும் விண்ணப்பிப்போம்" என்று பதில் வந்தால் நிறுத்துங்கள். "மோட்டார் எரிந்தவுடன் விவசாயி முதலில் போகும் இடம் காயில் கட்டும் கடை. இரண்டு கடைகளில் தொடங்கியிருக்கிறோம், அடுத்து பக்கத்துத் தாலுகா" என்று வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். மாணவர்களுக்கு நேரெதிர்ப் பயிற்சி கொடுங்கள். "ஐந்து வருடத்தில் இந்தியா முழுவதும்" என்று முழங்குகிறவனிடம் முதல் மாதச் செலவுக்கணக்கை வரிவரியாகக் கேளுங்கள்.

நடுவர்களையும் விட்டுவிடாதீர்கள். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நான்கு கேள்விகளை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. "கல்யாணத்துக்குப் பிறகும் நடத்துவீர்களா?" என்று ஒரு நடுவர் கேட்பதை நானே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அன்று வாயை மூடிக்கொண்டிருந்தது இன்றும் உறுத்துகிறது. இப்போது அச்சிட்ட தாளின் அடியில், தனிப்பட்ட வாழ்க்கையைப் பற்றிய கேள்விகளுக்கு இடமில்லை என்று ஒரு வரி இருக்கிறது.

படி 7: பணமும் வீடும்

சுருக்கமாகச் சொல்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டத்தில் பட்டம், பட்டயம், தொழிற்பயிற்சி முடித்தவர்களுக்குத் திட்டச் செலவில் 25 சதவீதம் முதலீட்டு மானியம் உண்டு. சொந்தப் பங்காகப் பொதுப்பிரிவு ஆண்கள் 10 சதவீதமும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினர் 5 சதவீதமும் போட்டால் போதும். இதைக் கவனிக்கும் அலுவலகம் மாவட்டத் தொழில் மையம். உச்சவரம்பும் வயது வரம்பும் அவ்வப்போது மாறும் என்பதால் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேள்விப்பட்டிருப்பது வேறு, அந்த அலுவலகத்தின் மாடிப்படி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது வேறு. ஒரு நாள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் விண்ணப்பிக்கும் முறையைக் கேட்டு வரச் செய்யுங்கள்.

பெற்றோரிடம் "உங்கள் மகள் தொழில் தொடங்கட்டும்" என்று பேசப் போகாதீர்கள், நடக்காது. கண்காட்சி நாளில் அவர்களை வரவழைத்து, அவள் செய்த கருவிக்குப் பக்கத்தில் அவளை நிற்க வைத்து, வருகிறவர்களுக்கு அவள் விளக்குவதைப் பார்க்க விடுங்கள். அப்பாக்கள் பின்னால் போய்க் கைகட்டி நின்று கேட்பார்கள்.

படி 8: மதிப்பெண்ணும் மறு அளவீடும்

குழுவுக்கு ஒரே மதிப்பெண் போடுவது வசதி. ஆனால் யார் என்ன செய்தார் என்று தெரியாத இடத்தில் பெருமை வழக்கமான ஆளிடமே போய்ச் சேரும். படி 3-இல் வைத்த ஆறு கட்டத் தாளே உங்கள் சாட்சி. பாதி மதிப்பெண்ணைக் குழுவுக்கும் பாதியை அவரவர் கட்டத்துக்கும் பிரியுங்கள். அறிக்கை எழுதுவதற்கும் வன்பொருளுக்கு இணையான மதிப்பெண் இருக்கட்டும். அப்போதுதான் அதை ஒருத்தி தலையில் கட்ட யாருக்கும் தோன்றாது.

கடைசி வாரம் அதே கேள்வித்தாளை அதே குறியீட்டோடு மீண்டும் கொடுங்கள். மாணவிகளின் எண்கள் விலை, கடன், வன்பொருள் வரிசைகளில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மாணவர்களில் சிலருக்கு எண் இறங்கியிருக்கும். முதல்முறை இதைப் பார்த்து நான் பதறிப்போனேன். பிறகு ஒருவனைக் கூப்பிட்டு, யாருடைய தாள் என்று கேட்காமல், பொதுவாக விசாரித்தேன். "முதலில் வங்கியில் பேசுவதற்கு எல்லோருமே தொண்ணூறுதான் சார் போட்டோம்" என்றான். "அப்போது யாரும் போனதில்லை."